‘வெலாசிட்டி’க்குத் ‘தட்டுவன்மை’: ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியில் ஆர்கெஸ்ட்ரா சாயலுள்ள ஹிப்-ஹாப் பீட் அமைப்போருக்கான கையேட்டில், ஒரு சுரம் எவ்வளவு பலமாகத் தட்டப்பட்டது என்பதைக் காட்டும் எண்ணான ‘வெலாசிட்டி’யைத் ‘திசைவேகம்’ என்றே எழுதலாம் என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் கூறியிருந்தார். இயற்பியல் பாடநூலில் அது பொருத்தமான சொல். ஆனால் செல்லோவின் உருக்கத்துக்குக் கீழே கிக் டிரம்மை அடுக்கிக்கொண்டிருப்பவர் திருத்துகிற எண்ணுக்குத் திசை என்று ஒன்றில்லை.

மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான மிடி (MIDI) நெறிமுறை 1983-இல் வந்தபோது, சுரம் தொடங்கும் ஒவ்வொரு செய்தியிலும் அந்தச் சுரத்தின் எண்ணோடு, அது எப்படித் தட்டப்பட்டது என்பதைச் சொல்லும் இன்னோர் எண்ணும் சேர்ந்தே செல்லுமாறு அமைத்தார்கள். அது 1 முதல் 127 வரை இருக்கும். 0 வந்தால் சுரம் நின்றுவிட்டது என்று பொருள். விசைப்பலகையில் ஒரு கட்டையின் அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்க, முதலாவதைத் தொட்டு இரண்டாவதைத் தொடும்வரை கழிந்த நேரத்தைக் கருவி அளக்கிறது; அதனால்தான் ஆங்கிலத்தில் வேகத்தின் பெயர் வந்தது. ஹிப்-ஹாப் கலைஞர்கள் விரும்பும் தட்டுப்பலகைகள் பெரும்பாலானவற்றிலோ விரல் தரும் விசையே அளக்கப்படுகிறது. கிடைப்பது இரண்டிலும் அதே எண்தான். ஆகவே அளக்கும் முறையை வைத்துப் பெயரிட்டால் ஏதேனும் ஒரு கருவிக்கு அது பொய்யாகிவிடும்.

‘தட்டுவேகம்’ என்றால் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் ஓட்ட வேகத்தைக் குறிப்பதாகவே இசை பயின்றவர் கொள்வார். ‘அழுத்தம்’ என்ற சொல்லை, கட்டையைத் தட்டிய பிறகும் அழுத்திப் பிடிப்பதைக் குறிக்கும் ‘ஆஃப்டர்டச்’சுக்காக விட்டுவைக்க வேண்டும். ‘ஒலியளவு’ என்பதும் முழுப்பொருளைத் தராத சொல்லே, ஏனெனில் மெல்லத் தட்டிய பியானோவும் ஓங்கித் தட்டிய பியானோவும் அளவில் மட்டுமல்லாமல் ஒலியின் நிறத்திலும் வேறுபடுகின்றன.

எனவே ‘தட்டுவன்மை’ என்பதை முன்வைக்கிறேன். இதில் வன்முறையின் வாடை வீசுவதாகச் சிலர் தயங்கக்கூடும். ஆனால் தமிழ் எழுத்தொலிகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்துப் படித்த நமக்கு, ஒலியைப் பொறுத்தவரை வன்மையும் மென்மையும் சிறுவயதிலிருந்தே காதுக்குப் பழகிய அளவுகோல்கள்.

சொல் கிளைவிடுவதும் முக்கியம். 1982-இல் நியூயார்க் ஹிப்-ஹாப்பில் புகழ்பெற்ற ஆர்கெஸ்ட்ரா முழக்கம், ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே இசைப்பதிவிலிருந்து வெட்டி, பதிந்த ஒலிகளைக் கட்டைகளால் வாசிக்க உதவும் ஃபேர்லைட் கருவியில் சேர்க்கப்பட்ட ஒரே துணுக்கு. எப்படித் தட்டினாலும் அதற்குள் இருந்தது ஒரே முழக்கம்தான். இன்றைய ஒலித்தொகுப்புகளிலோ ஒரே டிரம்மை மெதுவாகவும் நடுத்தரமாகவும் ஓங்கியும் அடித்துத் தனித்தனியே பதிந்து வைக்கிறார்கள். இவற்றை ‘வன்மை அடுக்குகள்’ என்று இயல்பாகச் சொல்லலாம். விரலின் பழக்கத்துக்கேற்ப எண்களை மாற்றித்தரும் அமைப்பு ‘வன்மை வளைகோடு’ ஆகும். “ஹை-ஹாட் (டிரம் தொகுதியின் ஜோடித் தாளத்தட்டு) முழுவதையும் 127-இல் வைக்காதீர்கள்; இடையடிகளின் தட்டுவன்மையை 60, 70 என்று இறக்கினால் இயந்திரத்தன்மை விலகும்” என்று கையேட்டில் எழுதிப் பார்த்தேன்; சொல் எங்கும் உறுத்தவில்லை.

இந்தச் சொல் பொருந்தாத இடமும் ஒன்றுண்டு. உருக்கமான பீட்டின் உயிரே அங்குதான் இருக்கிறது. வயலின் தொகுதியின் குறுகிய வெட்டுச் சுரங்கள் தட்டுவன்மைக்கு இணங்கும். நீண்ட சுரங்களைப் பல தொகுப்புகளில் விசைப்பலகையின் ஓரத்திலுள்ள மாடுலேஷன் சக்கரத்தை உருட்டித்தான் வளர்க்கவும் தேய்க்கவும் முடியும், ஏனெனில் வில் இழுபடும் நேரம் முழுவதும் ஒலி மாறிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைக் குறிக்கும் பாடநூலின் ‘உரப்பு’ போதாது என்றே கருதுகிறேன். வில்லை அழுத்தி இழுக்கையில் ஒலி பெருகுவதோடு அதன் நிறமும் கனக்கிறது. வயலின் ஆசிரியர்களிடம் இதற்கென வழங்கும் சொல் இருந்தால், அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.