பிராட்சர்ச்: எப்படித் தெரியாமல் போனது?

பெரியப்பா: பிராட்சர்ச் என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடரின் முதல் இரண்டு சீசன்களையும் பெரியம்மாவும் நானும் நேற்றிரவு பார்த்து முடித்தோம். ஜோ மில்லர் விடுதலையாகி வெளியே வந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. டேனி என்ற 11 வயதுப் பிள்ளையைக் கொன்றவன், அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவன். அவனையே விட்டுவிடுவதென்றால் எதற்கு நீதிமன்றம், எதற்கு ஜூரி?

சித்தி: அத்தான், எனக்கும் மனம் கொதித்தது. ஆனால் விசாரணை அறைக்குள் காவல் அதிகாரி எல்லி தன் கணவன் ஜோவை உதைத்தாளே, அதைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஷரன் பிஷப் பிடித்துக்கொண்டார். அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடி விழுந்தது என்பது பார்த்த நமக்குத் தெரியும். ஆனாலும் காவலில் இருந்தவன் உடம்பில் காயம் இருக்கும்போது, வாக்குமூலம் கொடுமைப்படுத்தி வாங்கப்பட்டதல்ல என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பை இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் தரப்பின் தலையில்தான் வைக்கிறது.

பெரியப்பா: சட்டம் இருக்கட்டும். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அடிக்காமல் இருந்திருப்பார்களா? எல்லியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை அம்மா.

சித்தி: குறை சொல்லவில்லை அத்தான். குற்றம் செய்தவனைத் தண்டிக்க வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாக விரும்பியவளின் கோபமே அவனைத் தப்பவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான்: பெரியப்பா, எனக்கு அதற்கு முந்தைய ஒரு காட்சிதான் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த ஊரில் இருக்கும் சூசன் ரைட்டின் கணவன் வீட்டுக்குள்ளேயே மகளைச் சீரழித்தவன் என்று தெரிய வந்ததும், உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று எல்லி அவளிடம் கேட்கிறாள். அந்தக் குரலில் இருப்பது சந்தேகம்கூட இல்லை, அருவருப்பு. கடைசி எபிசோடில் பிள்ளையைப் பறிகொடுத்த பெத் அதே கேள்வியை எல்லியின் முகத்துக்கு நேரே கேட்கும்போது, எல்லியாக நடித்த ஒலிவியா கோல்மனால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடிவதில்லை. அவருக்கு 2014இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது இந்த நடிப்புக்குத்தான்.

அண்ணன்: அதே ஆண்டு துணை நடிகருக்கான பாஃப்டா, ஜாக் மார்ஷலாக நடித்த டேவிட் பிராட்லிக்குக் கிடைத்தது. அந்தப் பெட்டிக்கடைக்காரரின் பழைய தண்டனையைப் பத்திரிகைகள் தோண்டி எடுத்தன. கொலையாளி அவர்தான் என்று சந்தேகித்து ஊர் அவர் கடை வாசலில் கூடியது. உண்மை என்னவென்று அவர் சொல்லும்போது கேட்கும் நிலையில் யாரும் இல்லை. அவர் தற்கொலை செய்துகொண்ட பிறகு ஊரே இறுதிச் சடங்குக்கு வந்து நிற்கிறது. நான் இங்கே பிரிஸ்டலில் இருந்து, படப்பிடிப்பு நடந்த வெஸ்ட் பே கடற்கரைக்குப் போயிருக்கிறேன் அப்பா. செங்குத்தாக நிற்கும் அந்த மஞ்சள் பாறையின் அடியில் நடந்தபோதுகூட எனக்கு டேனியைவிட ஜாக்கின் நினைவுதான் அதிகம் வந்தது.

அம்மா: ஜாக் விஷயத்தில் ஊர் செய்ததைத்தான் எல்லி விஷயத்தில் பெத் செய்தாள் என்று எனக்குப் படுகிறது. மகன் டேனி, ஜோவைத் தனியாகச் சந்தித்து வந்தது பெத்துக்கும் தெரியாது. மகன் செத்த இரவில் கணவன் மார்க், பெக்கா ஃபிஷரோடு இருந்ததும் தெரியாது. பக்கத்தில் படுத்திருந்தவனைப் பற்றித் தனக்கே தெரியாதபோது எல்லியை மட்டும் எப்படிக் கேட்கலாம்?

பெரியப்பா: பெற்ற வயிறு எரியும்போது இதையெல்லாம் எண்ணிப் பார்க்க முடியுமா? கேட்டது நியாயமில்லைதான். ஆனாலும் அவள் கேட்கத்தான் செய்வாள்.

சித்தி: எல்லியோடு துப்பறியும் அதிகாரி ஹார்டியை யாரும் சொல்லவில்லையே. அவர் முன்பு விசாரித்த சாண்ட்புரூக் வழக்கின் முக்கியத் தடயம் காணாமல் போனது, காவல் அதிகாரியான அவருடைய மனைவியின் காரில் இருந்துதான். அவள் வேறொருவனோடு இருந்த நேரத்தில் நடந்தது அது. மகளுக்குத் தாயைப் பற்றித் தெரிந்துவிடக் கூடாது என்று பழி முழுவதையும் தன்மேல் போட்டுக்கொண்டார். மகளைக் காப்பாற்றினார், சரி. ஆனால் அந்த வழக்கில் பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு அவர் சொன்னது பொய்தானே?

அண்ணன்: அதில் நான் ஹார்டி பக்கம்தான் சித்தி.

சித்தி: நான் அந்தக் குடும்பத்தின் பக்கம்.

பெரியப்பா: இன்றிரவு மூன்றாவது சீசனைத் தொடங்குகிறோம். பெத்தும் எல்லியும் மறுபடி பேசிக்கொள்வார்களா என்பதை மட்டும் தயவுசெய்து யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள்.