குரூப் 4: தமிழ் வழிச் சான்றும் சாதிச் சான்றும் – கல்யாணமான தங்கச்சிக்கு எந்த ஆபீஸுக்குப் போகணும்?

கண்டனூர் பஸ்

வணக்கம். தங்கச்சிக்கு அடுத்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பம் போடணும். விவரம் இதுதான்: வயசு 27, பி.சி. ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரை ராயவரம் பக்கத்துல ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் இல்லாம அந்தப் பள்ளியை மூடிட்டாங்க. ஆறுல இருந்து பத்து வரை காரைக்குடியில உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆங்கில வழி, அப்புறம் பி.எஸ்சி. கட்டிக் கொடுத்தது தேவகோட்டை. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த சாதிச் சான்றுல வீட்டுக்காரர் பேர்தான் இருக்கு, ஆதார்லயும் அவர் இனிஷியல்தான்.

பிளஸ் டூ ஆங்கில வழின்னா தமிழ் வழி ஒதுக்கீடு போயிடுமா? மூடின பள்ளிக்கு யார்கிட்ட சான்று வாங்குறது? இந்தச் சாதிச் சான்று செல்லுமா? டைப்பிங் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர் எழுதியிருக்கு, ரிசல்ட் வரலை. தட்டச்சர் பதவி கேட்கலாமா? இணைய சேவை மையத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பழைய ரிஜிஸ்டர்

தமிழ் வழி விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், அதில்தான் ஆள் அதிகம் வழுக்குகிறார்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. ஆரம்பத்தில், பதவிக்குரிய கல்வித் தகுதியை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதும் என்று இருந்தது. 2020-ல் திருத்தம் வந்த பிறகு, ஒன்றாம் வகுப்பு தொடங்கி அந்தப் பதவிக்குக் கேட்கும் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். குரூப் 4-க்குக் கேட்கும் தகுதி பத்தாம் வகுப்பு. ஆகவே ஒன்று முதல் பத்து வரைதான் பார்ப்பார்கள், தங்கச்சியின் பிளஸ் டூ ஆங்கில வழி இங்கே குறுக்கே வராது. ஆனால் அதே ஆள் நாளைக்குப் பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் குரூப் 2 போட்டால் ஒதுக்கீடு கிடையாது, நடுவில் இரண்டு வருடம் ஆங்கில வழி வந்துவிட்டது. ஒரே விண்ணப்பதாரருக்கு ஒரு தேர்வில் "ஆம்", இன்னொரு தேர்வில் "இல்லை". பழைய விண்ணப்பத்தைப் பார்த்து அப்படியே டிக் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவது.

சான்றிதழை டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையின் பின்னிணைப்பில் உள்ள படிவத்திலேயே வாங்குங்கள். பள்ளியின் லெட்டர் பேடில் "இவர் தமிழில் பயின்றார்" என்று எழுதி வாங்கிவந்தால் வேலைக்காகாது. எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, பயிற்று மொழி தமிழ், தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு பள்ளி என்றால் இரண்டு சான்று. காரைக்குடிப் பள்ளி ஆறு முதல் பத்து வரைக்குத்தான் கொடுக்க முடியும். "ஒன்று முதல் பத்து" என்று அவர்களே சேர்த்துப் போட்டுத் தந்தாலும் வாங்காதீர்கள், மாற்றுச் சான்றிதழோடு ஒப்பிட்டால் அடுத்த நிமிடம் தெரிந்துவிடும்.

மூடின பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு காற்றில் போய்விடாது. பக்கத்துப் பள்ளியோடு இணைத்திருந்தால் அங்கே இருக்கும், இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஒப்படைத்திருப்பார்கள். முதலில் அந்த அலுவலகத்தில் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். யாரிடம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் யார் கையெழுத்துப் போடுவது என்று முடிவாகும். ஒரு குழப்பம் கவனியுங்கள்: திருமயம் வட்டத்துக்குள்ளேயே திருமயம், அரிமளம் என இரண்டு ஒன்றியங்கள் இருக்கின்றன. தொடக்கக் கல்வி ஒன்றியக் கணக்கில் நடப்பது, வருவாய்த் துறை வட்டக் கணக்கில் நடப்பது. கிராமம் எந்த ஒன்றியம் என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

போகும்போது ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் நகல், அது இல்லையென்றால் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது காரைக்குடிப் பள்ளி பதிவேட்டில் எழுதின முந்தைய பள்ளி விவரம், சேர்ந்த வருடம், அப்போது கொடுத்த பிறந்த தேதி. பெயரை மட்டும் சொல்லி "தேடிப் பாருங்க" என்றால் யாரும் மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள்.

வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று: அரசுப் பள்ளி என்றாலே தமிழ் வழி என்று நினைக்காதீர்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு உண்டு. தமிழை ஒரு பாடமாகப் படித்ததும் தமிழ் வழியில் படித்ததும் வேறு வேறு.

தேவகோட்டை ரஸ்தா

சாதிச் சான்று: வீட்டுக்காரர் பேர்ல இருக்கிறது செல்லாது. கல்யாணமான பெண்ணா இருந்தாலும் தகப்பனார் பேர்லதான் இருக்கணும். இதுல டி.என்.பி.எஸ்.சி. இரக்கம் காட்டினதா நான் கேள்விப்பட்டதில்லை.

புதுசுக்கு ஓடுறதுக்கு முன்னாடி பீரோவைத் தேடுங்க. பத்தாவது, பிளஸ் டூ படிக்கும்போது எடுத்த நிரந்தரச் சாதிச் சான்று இருந்தா அதே போதும், வருசத்துக்கு வருசம் புதுப்பிக்க வேண்டியதில்லை.

இல்லைன்னா இ-சேவை. கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியா மேலே போகும். பி.சி., எம்.பி.சி.க்குக் கையெழுத்து மண்டலத் துணை வட்டாட்சியர், எஸ்.சி.க்கு வட்டாட்சியர், எஸ்.டி.க்குக் கோட்டாட்சியர். அதிகாரி மாறிக் கையெழுத்துப் போட்ட பழைய சான்று வச்சிருக்கிறவங்க இதைப் பார்த்துக்கங்க.

ஆபரேட்டர் பண்ற தப்பு என்னன்னா, ஆதாரைப் பார்த்து வீட்டுக்காரர் பேரை ஏத்திடுவார். கேன் எண் (இ-சேவையில விண்ணப்பிக்கிறவருக்குக் கொடுக்கிற அடையாள எண்) பதிவுல தகப்பனார் பேர் சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. அனுப்புறதுக்கு முன்னாடி திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க. ஆதாரத்துக்கு அப்பா சான்று, இல்லாட்டி கூடப் பிறந்தவர்ங்கிற முறையில உங்க சான்றே போதும், அதோட தங்கச்சி மாற்றுச் சான்றிதழ்.

எந்தத் தாலுகான்னு குழம்பாதீங்க. செட்டிநாடுன்னு ஒரு தாலுகா கிடையாது. ராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டம். கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம் காரைக்குடி வட்டம். அப்பா ரேஷன் கார்டு இப்ப கண்டனூர்ல இருந்தா காரைக்குடியிலயே போடுங்க. அப்பாவோட பழைய காகிதத்துல "இராமநாதபுரம் மாவட்டம்"னோ "பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்"னோ இருந்தா யாரும் பயப்பட வேணாம். மாவட்டம் பிரிஞ்சது 1985, சிவகங்கைன்னு பேர் வச்சது 1997. ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு அது தெரியும், புதுசா வந்த ஆபரேட்டருக்குத்தான் தெரியாது.

இனிஷியல்: டி.என்.பி.எஸ்.சி. தளத்துல விண்ணப்பத்துக்கு முன்னாடி பண்ற ஒருமுறைப் பதிவுல பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்ல என்ன இருக்கோ அதே பேர், அதே இனிஷியல். ஆதாரைப் பார்த்து மாத்தி வச்சா மத்த எல்லாச் சான்றும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். ஆதார்ல முதலெழுத்தை அப்பா பேருக்கு மாத்திடுறது நல்லது, இப்பவே பண்ணிடுங்க.

கண்டனூர் பஸ்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பழைய சான்று இருக்கு, அம்மா எடுத்து வச்சிருக்காங்க. பி.சி.க்குக் கட்டணம் உண்டா? ஒருமுறைப் பதிவு 2019-ல பண்ணது.

பழைய ரிஜிஸ்டர்

ஒருமுறைப் பதிவு ஐந்து வருடம்தான், அது முடிந்திருக்கும். 150 ரூபாய் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் தனியாக 100. இரண்டும் ஒன்றென்று நினைத்து 150 கட்டிவிட்டு "அப்ளை பண்ணிட்டேன்" என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பதிவு என்பது வாசற்படி மட்டும், ஒவ்வொரு அறிவிக்கைக்கும் தனி விண்ணப்பம்.

பி.சி., எம்.பி.சி.க்கு மூன்று முறை இலவசம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளி, ஆதரவற்ற விதவை ஆகியோருக்கு முழு விலக்கு. அந்த மூன்று என்பது குரூப் 4-க்கு மூன்று இல்லை, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் எல்லாம் சேர்த்து மூன்று. தீர்ந்த பிறகும் இலவசம் என்று கோரினால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும். நூறு ரூபாய்க்காக அந்த வம்பு வேண்டாம், எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று சந்தேகம் இருந்தால் கட்டிவிடுங்கள்.

புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சுருக்கிப் போட்டால் முகம் மசமசவென்று இருக்கும். ஸ்டுடியோவில் கோப்பாகவே வாங்குங்கள்.

கல்லல் கணக்கு

டைப்பிங் கேள்வியை யாரும் தொடலை. இங்கிலீஷ் ஹையரும் தமிழ் லோயரும் தட்டச்சருக்குப் போதும். முன்னுரிமை வரிசை இப்படி: ரெண்டும் ஹையர் முதல்ல, தமிழ் ஹையர் - இங்கிலீஷ் லோயர் அடுத்தது, உங்க தங்கச்சியோட ஜோடி மூணாவது. அதனால ஆகஸ்டோ பிப்ரவரியோ தமிழ் ஹையரும் எழுதி வச்சிடுறது புத்திசாலித்தனம். லோயர் நிமிசத்துக்கு 30 சொல், ஹையர் 45, ஆறு மாசம் தினம் உக்காந்தா வராம போகாது. அலுவலகத் தானியங்கல் (ஆபீஸ் ஆட்டோமேஷன்) கணினிச் சான்று இப்ப இல்லாட்டியும் போடலாம், தகுதிகாண் பருவத்துக்குள்ள முடிச்சா சரி.

ஆனா ரிசல்ட் தேதிதான் சிக்கல். அறிவிக்கை வந்த நாள்ல தகுதி கையில இருக்கணும். பரீட்சை எழுதிட்டோம், ரிசல்ட் அடுத்த வாரம்னா அது தகுதி இல்லை. அப்படி வந்தா தட்டச்சரைக் கோராம இளநிலை உதவியாளர், வி.ஏ.ஓ. மட்டும் போடச் சொல்லுங்க. வயசு அந்த வருசம் ஜூலை 1 கணக்கு. வி.ஏ.ஓ.வுக்குக் குறைஞ்சது 21, அதுல பிரச்சினை இல்லை.

படிப்பு பத்தி நீங்க கேட்கலை, கேட்காமயே சொல்றேன். 200 கேள்வி, 300 மார்க், மூணு மணி நேரம், கேள்விக்கு ஒன்றரை. முதல் 100 தமிழ். அதுல 60 மார்க், அதாவது 40 கேள்வி சரியா இல்லைன்னா அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டாங்க. மொத்தத்துல 90 எடுத்தா தகுதின்னு போட்டிருக்கும், அது பேப்பர்ல இருக்கிற எண், அதை வச்சு வேலை கனவு காணக் கூடாது.

பழைய நோட்ஸ் வச்சிருந்தா தமிழ்ப் பகுதியை ஒத்துப் பாருங்க. 2025-ல இருந்து பாடத்திட்டம் மாறிடுச்சு: இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொல் 10, வாசித்துப் புரிதல் 15, மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் சேர்த்து 15. முன்னாடி புலவர் பேர், நூல் பேர் மனப்பாடம் பண்ணியே கரையேறினவங்க இருந்தாங்க. இப்ப அதுக்கு 15-தான். பள்ளிப் புத்தகத்துல பாடத்துக்குப் பின்னாடி வர்ற மொழிப் பயிற்சியைத் தாண்டிப் போயிடாம ஒண்ணொண்ணா எழுதிப் பாக்கணும். பொது அறிவு 75-ல தமிழக வரலாறு - பண்பாடு 20, பொருளாதாரம் - தமிழக வளர்ச்சி நிர்வாகம் 20, அரசியலமைப்பு 15. அறிவியலுக்கும் புவியியலுக்கும் அஞ்சஞ்சுதான். அதையே மூணு மாசம் படிச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைகளைப் பார்த்தா பாவமா இருக்கு.

திறனறி 25. வட்டிக் கணக்கு நிச்சயம் வரும், வட்டியில பேர் வாங்கின ஊர்ப் பக்கத்துல இருந்துக்கிட்டு அதை விடலாமா. ரெண்டு வருசத்துக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம்: அசலை வட்டி வீதத்தின் வர்க்கத்தால பெருக்கி 10,000-ஆல வகுக்கணும். 8,000 ரூபாய், 5 சதவீதம்னா 8,000 × 25 ÷ 10,000 = 20. மூணு வருசம்னா மேல வர்க்கத்தோட (300 + வீதம்) சேர்த்துப் பெருக்கி 10 லட்சத்தால வகுங்க: 8,000 × 25 × 305 ÷ 10,00,000 = 61. முழுசாப் போட்டா ரெண்டு நிமிசம், இப்படின்னா இருபது விநாடி.

செக்கடித் தெரு

ஓ.எம்.ஆர். தாள், அதாவது வட்டத்தைக் கறுக்கிற விடைத்தாள் பத்தி ஒரு வார்த்தை. கறுப்புப் பந்துமுனைப் பேனா மட்டும். தெரியாத கேள்வியை வெறுமனே விடக் கூடாது, விடை தெரியவில்லைங்கிற 'ஈ' வட்டத்தையாவது கறுக்கணும். ஆனா தப்புக்கு மார்க் கழிக்கிறதில்லைங்கிறதால 'ஈ' போடுறதை விட ஏ, பி, சி, டி-ல ஒண்ணைக் குத்துமதிப்பா போடுறதுதான் லாபம். எந்த நிரப்பல் தப்புக்கு எத்தனை மார்க் கழிவுன்னு நுழைவுச்சீட்டோட வர்ற அறிவுரையில இருக்கும், அதை முதல் நாள் ராத்திரியே படிக்கணும், ஹால்ல படிக்க நேரம் கிடையாது. தேர்வு 9.30, ஒன்பதுக்கு மேல உள்ள விட மாட்டாங்க. மையம் தாலுகா வாரியாப் போடுறாங்க, தேவகோட்டையையே கேளுங்க, அதிகாலையில காரைக்குடி பஸ்ஸைத் துரத்த வேணாம்.

கண்டனூர் பஸ்

தமிழ் வழிச் சான்றை இப்பவே வாங்கணுமா, தேர்வு முடிஞ்சு வாங்கிக்கலாமா?

பழைய ரிஜிஸ்டர்

விண்ணப்பத்தில் கோரிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதும், சான்றைக் கேட்பது ரிசல்ட் வந்து கணினி வழிச் சரிபார்ப்புக்கு அழைக்கும்போது. ஆனால் அப்போது பதிவேற்றச் சில நாட்கள்தான் தருவார்கள், மூடின பள்ளியின் பதிவேட்டை அந்த நாட்களுக்குள் தேடி எடுக்க முடியாது. 2025-ல் அறிவிக்கை ஏப்ரல் 25, கடைசி நாள் மே 24. பள்ளிகள் கோடை விடுமுறையில் இருக்கும் மாதம். ஜூன் சேர்க்கை நெரிசல். ஜூலை, ஆகஸ்டில் ஒரு வேலை நாள் முற்பகலில் போங்கள், காரைக்குடிப் பள்ளியில் முந்தைய பள்ளி விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் கிராமத்தின் ஒன்றியத்துக்குரிய வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். படிவம் மூன்று பிரதி கையில் இருக்கட்டும், ஒன்றில் வருடத்தை அடித்துத் திருத்தினால் அது வேண்டாம், புதிதாக எழுதச் சொல்லுங்கள்.