வட்டியில்லாக் கடன் எடுத்து பிரைவேட் கம்பஸில் படிக்க வைக்கலாமா? தம்பிக்காகக் கேட்கிறேன்

கொட்டாஞ்சேனை அக்கா
தம்பி ஏ.எல் கணிதப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, இரண்டு சி, ஒரு எஸ். அரச பல்கலைக்கழகம் போவதற்கான கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. இரண்டாம் தடவையும் எழுதியாயிற்று, இனி எழுத மாட்டானாம். மென்பொருள் படிக்க ஆசை. மாலபே பக்கம் ஓர் இடத்தில் விசாரித்தோம், நாலு வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு ஐந்துலாம்புச் சந்திக்குப் பக்கத்தில் சின்னக் கடை. சம்பளச் சிட்டை என்று ஒன்று அவரிடம் கிடையாது. நான் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. வீட்டில் மூன்று பேச்சு ஓடுகிறது: அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடனுக்கு விண்ணப்பிப்பது, அம்மாவின் நகையை அடகு வைப்பது, கடனே வேண்டாம் என்று வெளிவாரிப் பட்டம் (வெளியிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதுவது) படிக்க வைப்பது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்
யோசிக்காமல் கடனுக்கு விண்ணப்பம் போடுங்கள் தங்கச்சி. 2017 இல் உயர்கல்வி அமைச்சு தொடங்கிய திட்டம் இது. ஏ.எல்லில் மூன்று பாடம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கென்றே வந்தது. வட்டியை அரசாங்கம் கட்டும், நீங்கள் முதலை மட்டும் கட்டினால் சரி. படிப்பு முடிந்த கையோடு கட்டச் சொல்வதும் இல்லை, இடையில் சலுகைக் காலம் உண்டு.

2019 தொடக்கத்தில் ஒரு டொலர் 180 ரூபா அளவில் இருந்தது. 2022 இல் 360 வரை ஏறி, பிறகு 300 பக்கம் வந்து நின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதற்கு முன் வட்டியில்லாமல் எட்டு லட்சம் எடுத்த பிள்ளை இன்றைக்கும் அதே எட்டு லட்சத்தைத்தான் திருப்பிக் கட்டுகிறது. அந்தப் பணத்தின் பெறுமதியோ பாதிக்குக் கீழே. அதே காலத்தில் வணிக வங்கியில் கடன் வாங்கியவர்கள் இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டினார்கள். இதைவிட நல்ல கடன் இந்த நாட்டில் கிடையாது.

தோழர் வெள்ளவத்தை
கணக்கன் அண்ணா நாடு வங்குரோத்தானதை லாபக் கணக்கில் எழுதுகிறார். அந்தப் பணவீக்கம் 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போனதை ஏன் சொல்லவில்லை? இனிக் கடன் எடுக்கிறவனுக்கு 2022 மறுபடி வந்து பாதிக் கடனைத் தின்று தரும் என்று யார் உத்தரவாதம் தருவது? விலை ஏறிய அளவுக்குச் சம்பளம் ஏறியதா, அதையும் சொல்லுங்கள்.

என் ஆட்சேபம் அதற்கும் முந்தியது. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால்தான் நம் அப்பா அம்மா எழுத்து வாசனை கண்டார்கள். இன்றைக்கு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் தகுதி பெறுகிறார்கள், உள்ளே எடுபடுவது நாற்பதாயிரத்துச் சொச்சம். மிச்சப் பேருக்கு இடம் உண்டாக்க வேண்டிய அரசு, கையில் கடன் பத்திரத்தைக் கொடுத்து தனியாருக்கு அனுப்புகிறது. வட்டி என்று போகிற பணமும் மக்களின் வரிதானே. அதில் இன்னும் கொஞ்சம் பீடங்கள் திறக்கலாம்.

கணக்கன்
திறக்கலாம், தம்பி. திறக்கும்வரை அந்தப் பையன் என்ன செய்வான்? மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக நீங்கள் எல்லாம் தெருவில் நின்றீர்கள். அரசாங்கம் 2017 இல் அதை இழுத்து மூடுவதாக அறிவித்தது, வென்றீர்கள். அதனால் அரச மருத்துவ பீடங்களில் எத்தனை இடம் கூடியது?

தோழர் வெள்ளவத்தை
அந்தப் போராட்டம் தரத்தைப் பற்றியது. மருத்துவத்தையும் மென்பொருளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மாலபே 177
நான் இந்தக் கடனில்தான் படிக்கிறேன், இறுதி வருடம். கொள்கைச் சண்டையை நீங்கள் இருவரும் தனியாகப் பேசுங்கள். அக்காவுக்குத் தேவையான விஷயம் வேறு.

முதலாவது, எல்லாப் படிப்புக்கும் இந்தக் கடன் இல்லை. அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனங்கள் தாங்களே வழங்கும் பட்டங்களில், அந்தத் தடவைப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும்தான். ஒரே வளாகத்தில் ஒரே வகுப்பறையில் அவர்களுடைய சொந்தப் பட்டமும் ஓடும், பிரிட்டிஷ் பல்கலைக்கழகப் பட்டமும் ஓடும். இரண்டாவதை எடுத்தால் கடன் இல்லை, போதாததற்குக் கட்டணத்தில் ஒரு பகுதி பவுண்ஸில் வரும். கவுண்டரில் இருக்கிற அக்கா இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பணம் நம் கைக்கு வராது, தவணை தவணையாகக் கம்பஸுக்குப் போகும். திட்டம் தொடங்கியபோது உச்சத்தொகை எட்டு லட்சம், விரும்பினால் செலவுக்கென்று வருடத்துக்கு 75,000 படி நாலு வருடத்துக்கு மூன்று லட்சம். தொகையும் நிபந்தனையும் தடவைக்குத் தடவை மாறுவதால் இந்த வருட அறிவித்தலை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். எப்படிப் போட்டாலும் இருபது லட்சப் படிப்புக்கு ஒரு துண்டு விழும். அந்தத் துண்டை யார் கட்டுவது என்பதை முதல் நாளே வீட்டில் பேசி முடிக்காதவர்கள் இரண்டாம் வருடத்தில் திணறுவதை நான் பக்கத்து மேசையில் பார்த்தேன். வகுப்புக் கட்டணத்தில் சேராத செலவும் இருக்கிறது: மடிகணினி, சாப்பாடு, தினம் 177 பஸ்ஸில் போய் வரும் காசு.

ஹற்றன்காரன்
எல்லோரும் பெரிய கணக்குப் பேசுகிறீர்கள். எனக்குக் கதவு மூடியது பிணையாளி என்ற இடத்தில்தான். கடனுக்குத் தெரிவானேன், கடிதமும் வந்தது. வங்கிக் கிளையில் நிலையான வருமானம் உள்ள ஆளைக் கூட்டி வா என்றார்கள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை. பேர் போட்ட நாளுக்குத்தான் சம்பளம், அந்தச் சிட்டையை வைத்து என்ன செய்வது? ஊரில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற இரண்டு மாஸ்டர்மார்தான். ஒவ்வொரு வருடமும் பத்துப் பிள்ளைகள் அவர்கள் வாசலில் நின்றால் எத்தனை பேருக்குத்தான் கையெழுத்து வைப்பார்கள்?

வட்டி இல்லை என்பது மெய்தான். ஆனால் ஏற்கனவே ஓரளவு வசதியான சொந்தக்காரர் உள்ள பிள்ளைக்குத்தான் அது கைக்கு வருகிறது. தோழரே, இதை எழுதுங்கள். கன்னங்கராவை விடுங்கள்.

பின்னர் நான் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தில் உதவி பெற்றேன், அது வேறு கதை. மலையகப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். கொழும்புப் பிள்ளைகளும் அதே உயர்ஸ்தானிகராலயத்தின் புலமைப்பரிசில்களைப் பார்க்கலாம். நேரு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி என்ற பெயர்களில் இருக்கின்றன, கடைசியாகச் சொன்னது தகவல் தொழில்நுட்பத்துக்கு. ஆனால் இந்தியாவில் போய்த்தான் படிக்க வேண்டும், போட்டியும் கடுமை.

தோழர் வெள்ளவத்தை
ஹற்றன்காரர் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை, அது என் வாதத்துக்குத்தான் பலம்.

அக்கா, கடனே இல்லாத வழியும் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி, 2000 ஆம் ஆண்டிலிருந்து நடக்கிற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம். பதிவும் பரீட்சைக் கட்டணமும் தனியார் படிப்போடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவிப்பணமும் உண்டு. அரசாங்கத்தின் எச்.என்.டி.ஐ.டி என்ற தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவை முழுநேரமாகப் படித்தால் கட்டணம் கிடையாது. தம்பி பகலில் ஏதாவது ஒரு கம்பனியில் பயிற்சிக்குச் சேர்ந்து மாலையில் படித்தால், நாலு வருடத்தில் அனுபவமும் இருக்கும், கடனும் இருக்காது.

மாலபே 177
பி.ஐ.டியை மதிக்கிறேன். ஆனால் அதில் பதிவு செய்த என் நண்பர்களில் பாதிப் பேர் இரண்டாம் வருடம் தாண்டவில்லை. தானாக எழுந்து படிக்கிற பிள்ளைக்குத்தான் அது சரிவரும். தனியார் கம்பஸில் கட்டணம் கட்டிய பயத்திலாவது வகுப்புக்குப் போவோம். ஆறு மாத இன்டர்ன்ஷிப் இடம் பிடித்துத் தருவதும் பெரிய விஷயம், எனக்கு வேலை அப்படித்தான் கிடைத்தது.

முன்னாள் பாங்க்காரர்
முப்பது வருடம் கடன் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன். மகளே, மற்றதெல்லாம் பிறகு. பிணையாளியாகக் கையெழுத்து வைக்கப் போவது யார்? அப்பாவுக்குச் சம்பளச் சிட்டை இல்லை என்றால் நீதானே?

கொட்டாஞ்சேனை அக்கா
ஆமாம் ஐயா. வீட்டில் நிலையான சம்பளம் எனக்கு மட்டும்தான்.

முன்னாள் பாங்க்காரர்
அப்படியென்றால் கேள். பிணையாளி சாட்சி இல்லை. தம்பி கட்டாவிட்டால் வங்கி உன்னைத்தான் தேடி வரும். நீ பிணை நின்ற கடன் கிரிப் என்ற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உன் பெயரிலும் தெரியும். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி வீட்டுக்கடன் கேட்டால், அந்தப் பொறுப்பையும் சேர்த்துத்தான் உன் கொள்ளளவைப் பார்ப்பார்கள். படிப்பும் சலுகைக் காலமும் தவணையுமாகப் பத்து வருடத்துக்கு மேல் ஓடும் கடன் இது. உனக்கு அப்போது என்ன வயது என்று கூட்டிப் பார்.

நகையை அடகு வைத்துப் படிப்பிப்பதும் வேண்டாம். அடகு குறுகிய காலக் கடன், வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தில் முப்பது சதவீதம் எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், படிப்புக்கு இல்லை.

கணக்கன்
ஐயா, பிள்ளையைப் பயமுறுத்துகிறீர்கள். சொந்தத் தம்பிக்கு அக்கா கையெழுத்து வைக்காமல் வேறு யார் வைப்பது? எட்டு லட்சத்தை எட்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். மென்பொருள் வேலையில் சேர்ந்தவனுக்கு அது ஒரு சுமையா?

ஹற்றன்காரன்
சேர்ந்தவனுக்குச் சுமை இல்லைதான். சேராவிட்டால்? 2022 இற்குப் பிறகு என் வகுப்பில் பாதிப் பேர் கட்டாருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். வெளிநாடு போன தம்பி மாதா மாதம் ஞாபகமாக அனுப்புவான் என்று எந்த அக்கா எழுதிக் கொடுப்பாள்? எப்போது பார்த்தாலும் பெண்பிள்ளையின் கையெழுத்துத்தான் வீட்டுக்கு மலிவாகக் கிடைக்கிறது.

கணக்கன்
இப்படிப் பார்த்தால் எந்தக் குடும்பமும் முன்னேறாது. எங்கள் வீட்டில் மூத்தவர் படிப்பித்துத்தான் நாங்கள் நாலு பேர் படித்தோம்.

தோழர் வெள்ளவத்தை
மூத்தவர் இப்போது என்ன செய்கிறார் அண்ணா?

கணக்கன்
நன்றாக இருக்கிறார். உங்களுக்கு ஏன் அது?

மாலபே 177
அக்கா, ஒரு நடைமுறை யோசனை. பிணைக்கு அம்மா வழியிலோ அப்பா வழியிலோ நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவரைக் கேட்கட்டும், கேட்பது உங்கள் வேலையாக இருக்க வேண்டாம். இன்னொன்று, சில கம்பஸ்களில் ஏ.எல் பெறுபேற்றைப் பார்த்துக் கட்டணத்தில் கழிவு தருவார்கள். தம்பியின் இரண்டு சிக்குப் பெரிதாகக் கிடைக்காது, ஆனாலும் கேட்டுப் பாருங்கள். அரச பல்கலைக்கழக மாணவருக்கான மஹாபொல உதவிப்பணம் பற்றி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இங்கே அது வராது.

கொட்டாஞ்சேனை அக்கா
எல்லோருக்கும் நன்றி. இன்று அப்பாவிடமும் தம்பியிடமும் பேசினேன். விசாரித்த இடத்தில் எங்களுக்குக் காட்டியது பிரிட்டிஷ் பட்டம்தான். மாலபே தம்பி சொல்லியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. அதை விட்டுவிட்டோம். பட்டியலில் உள்ள இரண்டு பட்டங்களுக்குக் கடன் விண்ணப்பம் போடப் போகிறான். நான் பிணைக்குக் கையெழுத்து வைக்கவில்லை என்று சொன்னேன். அம்மா ஒரு நேரம் பேசவில்லை. அப்பா வத்தளையில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார், அவர் துறைமுகத்தில் வேலை. வகுப்புக் கட்டணத்தின் துண்டுக்கு என் சம்பளத்திலிருந்து மாதம் ஒரு தொகை தருவேன், அது பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடியது.

சித்தப்பா முடியாது என்றால் பி.ஐ.டி. அதற்கும் இப்போதே பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

கணக்கன்
மாதம் தருகிற காசு கையெழுத்தைவிடக் கூடவே வரும், கணக்குப் பார்த்தீர்களா தங்கச்சி?

கொட்டாஞ்சேனை அக்கா
பார்த்தேன் அண்ணா. கணக்குப் பகுதியில்தானே வேலை.