கணையக் கட்டி ஆபரேஷன்: மண்ணீரல் தப்புமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து:

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் கணையத்தின் வால்பகுதியில் நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டுவைத்தால் பின்னாளில் அப்படி மாறக்கூடிய வகை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்கு மண்ணீரலை ஏன் இழுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மண்ணீரலின் ரத்தக்குழாய்கள் கணையத்தின் முதுகை ஒட்டியே ஓடுகின்றனவாம். அதனால் முன்பெல்லாம் வாலோடு சேர்த்து அதையும் எடுத்துவிடுவார்களாம்.

ரோபோ வைத்து ஆபரேஷன் என்றதும் எங்கள் ஆயா, "மெஷினா வெட்டும்?" என்று பயந்துவிட்டார். மெஷின் தானாக ஒன்றும் செய்யாது. டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, உள்ளே நடப்பதை முப்பரிமாணத்தில் பார்த்துக்கொண்டே அதன் கைகளை இயக்குகிறார். கருவியின் நுனி எந்தப் பக்கமும் வளையும் என்பதால், மண்ணீரல் சிரையிலிருந்து கணையத்துக்குப் பிரியும் மெல்லிய கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்து அறுக்க வசதி. இப்படிக் குழாய்களையும் காப்பாற்றுவது கிமுரா முறை. முடியாவிட்டால் வார்ஷா முறை. அதில் பெரிய குழாய்களை வெட்டிவிட்டு, இரைப்பைப் பக்கமிருந்து வரும் சிறு குழாய்களை நம்பி மண்ணீரலை விட்டுவைக்கிறார்கள். ரத்தம் நிற்காமல் போனால் மண்ணீரலும் போகும். எது என்பது உள்ளே பார்த்த பிறகுதான் முடிவாகும், அதனால் மூன்றுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கினார்கள்.

எனக்குக் கிமுராவே கைகூடியது. ஆனாலும் கணைய நீர் கசிந்ததால், அதை வெளியேற்றும் டியூபோடுதான் வீட்டுக்கு வந்தேன். ரோபோ என்றால் கசிவே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க டாக்டர் விடவில்லை, பால்குடத்தோடு சரி.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

அக்கா, தடுப்பூசியை விட்டுவிட்டீர்களே! என் வீட்டுக்காரருக்கும் மண்ணீரலைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள், முடியவில்லை. நல்லவேளை, மண்ணீரல் இல்லாவிட்டால் கடுமையாகத் தாக்கும் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் கிருமிகளுக்கான ஊசிகளை ஆபரேஷனுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டிருந்தார்கள். மண்ணீரல் தப்பிவிடும் என்று நினைத்தாலும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியா கடுமையாக வரும் என்பதால், மலேரியா பகுதியிலுள்ள க்ரூகர் வனவிலங்குப் பூங்காப் பயணம் எங்களுக்கு முடிந்த கதை. பிள்ளைகளுக்கு இன்னும் கோபம்தான். காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரி. நாய் கடித்தாலும் அப்படியே.

கேப் டவுனிலிருந்து:

இங்கே டைகர்பெர்க், க்ரூட் ஸ்கூர் அரசு மருத்துவமனைகளுக்கு 2022-இலேயே ரோபோ வந்துவிட்டது. அதற்காக எல்லாக் கட்டிக்கும் அதுதான் என்று எதிர்பார்க்க வேண்டாம். தனியாரில் செய்வதானால் ரோபோ செலவில் மெடிக்கல் எய்ட் (நம் மருத்துவக் காப்பீடு) எவ்வளவு தரும், நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம், மெஷினைவிட இந்த ஆபரேஷனை அந்த டாக்டர் எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பதுதான் முக்கியம். என் தங்கைக்கு ரோபோ இல்லாமல், சிறு துளை வழியே செய்யும் சாதாரண லேப்ராஸ்கோப்பியில்தான் செய்தார்கள், மண்ணீரல் பத்திரமாக இருக்கிறது.