செர்ரி நிறைய மிஞ்சிவிட்டது, எப்படி உறைய வைப்பது?

கேள்வி:
நாலு கிலோ செர்ரி இருக்கிறது, தினமும் சாப்பிட்டும் குறையவில்லை, ஒன்றிரண்டு காம்படியில் மெத்தென்று ஆகத் தொடங்கிவிட்டது. போன தடவை கழுவி அப்படியே பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன், மொத்தமும் ஒரே பாறையாகிவிட்டது. கொட்டையை எடுத்துவிட வேண்டுமா?

பதில் 1:
ஈரம்தான் காரணம். கழுவித் துணியில் பரப்பி நன்றாக உலரவிடுங்கள். கொட்டையை எடுத்துவிடுங்கள், பிறகு வேலை சுலபம்; கருவி இல்லையென்றால் கெட்டியான ஸ்ட்ராவைக் காம்புப் பக்கம் வைத்து அழுத்தினால் கொட்டை மறுபக்கம் துள்ளி விழும் (வெள்ளைச் சட்டை வேண்டாம்). அப்புறம் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காக வைத்து, கல் மாதிரி ஆன பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் 8 முதல் 10 மாதம் ருசி குறையாமல் இருக்கும்.

பதில் 2:
உருகியதும் பழம் தளர்ந்துவிடும், உள்ளே இருக்கும் நீர் பனிப்படிகமாகி செல்சுவர்களைக் கிழித்துவிடுகிறது. அதனால் கேக்குக்கு உருகவிடாமல் அப்படியே மாவில் கலந்துவிடுங்கள். வடியும் சாற்றைத் தயவுசெய்து கொட்டாதீர்கள், ருசியே அதில்தான்!

பதில் 3:
மெத்தென்று ஆனவற்றை இன்றே ஜாம் செய்துவிடுங்கள், பூஞ்சை பிடித்ததை மட்டும் எறிந்துவிடுங்கள். ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் செர்ரியில் குறைவு, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கெட்டிப்படும். கொட்டையோடு மிக்ஸியில் அடிக்கவே கூடாது, நொறுங்கினால் உள்ளிருக்கும் பருப்பிலிருந்து சயனைடு உண்டாகும்.

கேட்டவர்:
சரி, தட்டு ஃப்ரீசருக்குள் போயாச்சு. ரொம்ப நன்றி!