இங்க யூகேயில சிக்ஸ்த் ஃபோர்மில (16-18 வயசு வகுப்பு) கிரிமினாலஜி (குற்றவியல்) படிச்சனீங்களோ? மனசை விட்டுப் போகாத ஒரு வகுப்பைச் சொல்லுங்கோ

ஹேரோக்காரி:
நானே தொடங்கிறன். யூனிட் ஒண்டு. சில குற்றங்கள் ஏன் பொலிசுக்குப் போறேல்லை எண்ட பாடம், செய்தவைக்குத் தெரியும். பயம், வெக்கம், அறியாமை எண்டு எழுதிக்கொண்டு வந்த ரீச்சர், 'பண்பாடு சார்ந்த குற்றம்' எண்டு எழுதிப்போட்டுத் திரும்பினா. அவவின்ர கண் நேர என்னில வந்து நிண்டுது. ஒரு செக்கன்தான். வகுப்பில எங்கட நிறம் நான் ஒராள். முன்கதிரைப் பெடியன் திரும்பி, "உங்கட ஆக்களும் கௌரவக் கொலையெல்லாம் செய்யிறவையோ?" எண்டான். நக்கலுக்கில்லை, அறியத்தான் கேட்டவன். "சீ, அது நாங்களில்லை" எண்டன்.

அது பெரிசா உறுத்தேல்லை. எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு அன்ரி இருந்தவ. கொதிக்கிற வெயிலுக்கையும் கோயிலுக்கு முழுக்கைச் சட்டையோடதான் வருவா. தேர் அண்டைக்கு அரோகரா எண்டு கை தூக்கேக்க சட்டைக்கை வழுக்கி இறங்கிச்சுது. முழங்கைக்குக் கீழ நாலு விரல் பதிஞ்ச நீலம். அம்மாவும் கண்டவ. "அது அவையின்ர வீட்டு விசயம், நீ சாமியைக் கும்பிடு" எண்டா.

ரீச்சர் மேற்பார்வையில, குறிப்பு ஃபோல்டரைப் பாத்து எழுதிற நாள், 'வெக்கம்' எண்ட பகுதிக்கு உதாரணம் வேணும். அன்ரியின்ர கைதான் கண்ணுக்குள்ள நிண்டுது. ஃபோல்டரில இருந்த உதாரணத்தை அப்பிடியே பாத்து எழுதினன். நல்ல மார்க்ஸ்.

உசிலம்பட்டியான், ரெடிங்:
எனக்கு லொம்ப்ரோசோ கிளாஸ். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, உடம்பப் பாத்தே சொல்லிரலாம்னு 1876ல புக்கு போட்ட இத்தாலிக்காரர். பெரிய தாடை, நீளக் கை, அதேதான். டீச்சர் தையக்காரங்க வெச்சிருக்கற இஞ்ச் டேப்பக் குடுத்து ஒருத்தர ஒருத்தர் அளக்கச் சொன்னாங்க. ஒரே சிரிப்பு. என் கைய அளந்த பொண்ணு "நீ கன்ஃபார்ம் கிரிமினல்"னா. நானும்தான் சிரிச்சேன். டேப்பு மணிக்கட்டுல இருக்கும்போதே அப்பத்தா சொன்னது ஞாபகம் வந்துருச்சு.

எங்க பக்கம் ரேகைச் சட்டம்னுவாங்க. 1871ல வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம். இந்தச் சாதியில பொறந்தியா, பதிவு பண்ணு, அவ்வளவுதான். தாத்தாவோட அப்பா பத்து விரலையும் மையில உருட்டி வெச்சவரு. ராத்திரியானா சாவடியில போய்ப் படுக்கணும், பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்த அன்னைக்கும்கூட. 1920ல பெருங்காமநல்லூர்ல ரேகை தரமாட்டோம்னு நின்னவங்களப் போலீஸ் சுட்டதுல 16 பேரு செத்தாங்க.

கை தூக்கி இதச் சொன்னேன். சிரிப்பு நின்னுருச்சு. டீச்சர், "ரொம்ப முக்கியமான விஷயம். ஆனா பாடத்திட்டத்துல இல்ல, பரீட்சையில எழுதிடாத"ன்னாங்க. மார்க் போயிருமேங்கற அக்கறையிலதான். டேப்பச் சுருட்டித் திருப்பிக் குடுத்துட்டு உக்காந்தேன்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
தங்கச்சி, அந்தப் பெடியனுக்கு 'நாங்களில்லை' எண்டு சொன்னது சரிதான். வீட்டுக் குப்பையை ஏன் ரோட்டில கொட்டுவான்? எல்லாச் சனத்திலயும் அடிக்கிறவன் இருக்கிறான். உசிலம்பட்டித் தம்பி, உங்கட ரீச்சர் சொன்னதும் சரி.

என்ர அனுபவம் எண்டால், மகள் எடுத்தவள், நல்லாச் செய்தவள். ஆனா இதை வாசிக்கிற தாய் தேப்பனுக்குச் சொல்லோணும். இது ஏ லெவல் இல்லை, டிப்ளோமா. வேல்ஸ் போர்ட் நடத்திறது. யூனிக்கு விண்ணப்பிக்கிற யூகாஸ் புள்ளி ஏ லெவல் மாதிரித்தான், ஆக உயர்ந்த ஏ ஸ்டாருக்கு 56. எண்டாலும் நீங்கள் நினைக்கிற யூனியும் பாடமும் இதை எடுக்குமோ எண்டு முதலே கேளுங்கோ, ஓகஸ்டில முடிவு வந்தாப்பிறகு அழாதேங்கோ. மகள் எடுக்கேக்க நாலு யூனிட். ரெண்டும் நாலும் சோதனை, ஒண்டரை ஒண்டரை மணித்தியாலம். ஒண்டும் மூண்டும் கொலிஜிலயே இருத்தி எழுதுவிக்கிறது, குறிப்பு ஃபோல்டர் கொண்டு போகலாம். அந்த ஃபோல்டரை முதல் கிழமையிலயே அடுக்கத் தொடங்கோணும். மகளுக்கு நான்தான் கலர் கலராத் தாள் ஒட்டிக் குடுத்தனான், மஞ்சள் சட்டம், பச்சை வழக்கு, சிவப்பு தியரி. பிறகு, முக்காவாசிப் பிள்ளையள் ரீவியில கொலைக்கேஸ் பாத்துப்போட்டு வருதுகள். இது படிச்சு லோயரா வரேலாது. ஹிஸ்ரி எடுங்கோ. மற்ற ரெண்டு பாடத்தில ஒண்டு மற்ஸ் எண்டால் நல்லம்.

டூட்டிங் மாடி வீடு:
அண்ணே, லாயராக முடியாதுன்னு யாரு சொன்னது? 2021ல எஸ்கியூஈங்கற சொலிசிட்டர் பரீட்சை வந்துச்சு, எந்தப் பாடத்துல பட்டம் வாங்கினாலும் அந்த வழியில சொலிசிட்டர் ஆகலாம். நான் எடுத்தது சோசியாலஜி, இப்ப டிரெய்னி. தம்பி, உங்க டீச்சர் சொன்னதும் முழுசாச் சரியில்ல. யூனிட் ரெண்டுல தியரிய மதிப்பிடச் சொல்லிக் கேப்பாங்களே, அங்க உங்க ரேகைச் சட்டம் அம்சமா உக்காரும்.

என்னோடது ஓல்ட் பெய்லி, லண்டன்ல இருக்கற பெரிய கிரிமினல் கோர்ட்டு. யூனிட் மூணுக்காகப் போனது. பை, போன் எதையும் உள்ள விடமாட்டாங்க, வெச்சுக்கவும் மாட்டாங்க. ஃபிரெண்டு பையோட வெளிய நிக்க, நான் மட்டும் படியேறினேன். கேலரியில எனக்குப் பக்கத்துல கறுப்புக் கோட்டு போட்ட ஒரு அம்மா. நான் இருமிக்கிட்டே இருந்தேனா, பேசாம ஒரு போலோ மிட்டாய நீட்டினாங்க. வாங்கி வாயில போட்டுக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல தண்டனை வாசிச்சாங்க. கூண்டுல இருந்த பையனக் கீழ கூட்டிட்டுப் போகச் சொன்னதும், பக்கத்துல இருந்த அந்தம்மா எந்திரிச்சு நின்னு, கைய நெஞ்சு வரைக்கும் தூக்கிக் காட்டினாங்க. அவன் நிமிந்து பாத்தான். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. மிட்டாய் வாயில இன்னும் கரையல. கடிக்கவும் முடியல, துப்பவும் முடியல. என் நோட்டுல 'நீதிபதி: விக் உண்டு'ன்னு எழுதி வெச்சிருந்தேன்.

ஹேரோக்காரி:
ஈஸ்ட்ஹாம் அண்ணை, நீங்கள் குப்பை எண்டது அந்த மனிசியின்ர கையை. திரும்ப ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. மஞ்சள் தாள், பச்சைத் தாள் ஆரும் கேக்கேல்லை.

போன கிழமை அம்மாட்டைக் கேட்டனான், அந்த அன்ரி இப்ப எங்கை எண்டு. "அவையள் வீடு மாறி எப்பவோ போட்டினம்" எண்டா. கொஞ்சம் பொறுத்து, "ஏன், நீயும் அண்டைக்குக் கண்டனியோ?" எண்டு கேட்டா.