மேல கேஸ், கீழ கரண்ட் ஓவன்: மழை ஆரம்பிச்சதுல இருந்து ட்ரிப் ஆகுது, பர்னர் தீயும் நிலைக்க மாட்டேங்குது

ராயபுரம்_சமையல்:

வணக்கம். வீட்டுல இருக்கிறது 60 செ.மீ. குக்கிங் ரேஞ்ச். மேல நாலு கேஸ் பர்னர், கீழ கரண்ட் ஓவன், மூடி கண்ணாடி. மூணு பிரச்சினை இருக்கு.

நாலஞ்சு மாசமா ஓவனைத் தொடவே இல்லை. இப்போ 180-ல வெச்சா பத்து பதினைஞ்சு நிமிஷத்துல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) விழுந்துடுது. எம்சிபி (ஓவர்லோடு ஆனா விழற ஸ்விட்ச்) விழலை. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "ஓவனோட எர்த் வயரைக் கழட்டிட்டா ட்ரிப் ஆகாது"ன்னு சொல்றார். அப்படிச் செய்யலாமா?

பெரிய பர்னர் பத்துது, ஆனா நாபை விட்டதும் அணைஞ்சுடுது. சின்ன பர்னர்ல தீ மஞ்சளா எரியுது, பாத்திரம் அடி கரி பிடிக்குது.

கடலுக்குப் பக்கத்துல பழைய வீடு, பழைய வயரிங். சிலிண்டர், ரேஞ்சை ஒட்டின கேபினட்ல இருக்கு. கிறிஸ்துமஸ் கேக் வேலை தொடங்குறதுக்குள்ள சரி பண்ணணும்.

வண்ணாரப்பேட்டை_வயர்மேன்:

மேடம், எர்த் வயரைக் கழட்ட விடாதீங்க. அதைக் கழட்டினா ட்ரிப் ஆகாதுங்கறது உண்மைதான். ஏன்னா கசியற கரண்டுக்குப் போக வழி இல்லாம, ஓவனோட இரும்பு உடம்புலயே நிக்கும். ஈரக் கையோட நீங்க ஓவன் கதவைத் திறக்கிற நொடியில அந்த வழி உங்க உடம்பா ஆகிடும். அப்போதான் ஆர்சிசிபி விழும், அதுவும் உங்களுக்கு ஷாக் அடிச்ச பிறகு. இதே ஆள் அடுத்து ஆர்சிசிபியையும் பைபாஸ் பண்ணச் சொல்வார். ரெண்டும் இல்லாத ஓவனை எரியற கேஸ் அடுப்புக்குக் கீழ வெச்சுச் சமைக்கக் கூடாது.

நீங்க சொல்ற குறி எல்லாம் ஈரம் ஏறின எலிமென்ட்டுக்கு, அதாவது ஓவனைச் சூடாக்கற குழாய்க்குப் பொருந்துது. எலிமென்ட் குழாய்க்குள்ள சுருள் கம்பியைச் சுத்தி வெள்ளையா ஒரு பவுடர் இருக்கும், மெக்னீசியம் ஆக்சைடு. கரண்டைத் தடுக்கும், சூட்டைக் கடத்தும். ஆனா காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டெர்மினல் பக்கத்து சீல் விரிசல் விட்டா, மாசக்கணக்கா சும்மா இருக்கிற ஓவன்ல ஈரம் உள்ள ஏறிடும். ராயபுரம், காசிமேடு காத்துல உப்பும் சேர்ந்து வருது, அதனால கசிவு இன்னும் சுலபம். சூடு ஏற ஏற அந்த ஈரம் குழாயோட முனைப் பக்கம் நகரும், அங்கதான் கசிவு கூடும். போட்ட உடனே விழாம பத்து நிமிஷம் கழிச்சு விழறதுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஊகத்துல எலிமென்ட் மாத்த வேண்டாம், அளந்து பார்க்கணும். பிளக்கை உருவிட்டுத்தான் பின்பக்கத் தகட்டைக் கழட்டணும். நாப் "0"-ல இருக்குன்னு நம்பக் கூடாது, பல ஓவன்ல நாப் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். ஒவ்வொரு எலிமென்ட்டோட ரெண்டு முனை வயரையும் கழட்டிட்டு 500 வோல்ட் மெகர்ல (கரண்ட் கசியுதான்னு அளக்கிற மீட்டர்) முனைக்கும் குழாய் உடம்புக்கும் நடுவுல அளக்கணும். 1 மெகாஓமுக்குக் கீழ வந்தா அதுதான் குற்றவாளி. சாதா மல்டிமீட்டர் இதுக்குப் போதாது, அதோட சின்ன வோல்டேஜ்ல ஈரக் கசிவு தெரியாமலே போகும். ஆனா எலிமென்ட் அறுந்திருக்கான்னு பார்க்க அது போதும்: 2000 வாட் எலிமென்ட் குளிர்ந்த நிலையில சுமார் 26 ஓம், மேல இருக்கிற 1500 வாட் கிரில் எலிமென்ட் சுமார் 35 ஓம் காட்டணும். எலிமென்ட் எல்லாம் சுத்தமா இருந்தா ஃபேன் மோட்டார், ஓவன் லைட் ஹோல்டர், அடுப்புக்கு ஸ்பார்க் கொடுக்கிற மாட்யூல், இதையும் ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பொங்கி வழிஞ்ச கஞ்சி ஸ்பார்க் மாட்யூல் மேல விழறது அடிக்கடி நடக்கும்.

இன்னொண்ணு. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, 15-க்கு மேல எங்க வேணும்னாலும் விழலாம். வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபின்னா ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கசிய, ஓவன் கடைசிக் கொசுறைச் சேர்க்கும். ஓவனுக்குத் தனி லைன், தனி 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போட்டா இந்தக் குழப்பம் தீரும். பழைய வீட்டுல வேற ரூம் நியூட்ரலை இதுல கலந்து விட்டிருந்தாலும் ட்ரிப் ஆகும், ஆனா அது லோடு போட்ட உடனே விழும்.

லைனைப் பொறுத்தவரை: 3000 வாட் ஓவன் 230 வோல்ட்ல 13 ஆம்ப் இழுக்கும், அதுவும் கேக்குக்கு மணிக்கணக்கா. 16 ஆம்ப் சாக்கெட், குறைஞ்சது 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், புதுசா இழுத்தா 4. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. அரை மணி ஓடினதும் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, பிளக்கை உருவி, அதோட பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா உள்ள ஸ்க்ரூ லூஸ், இல்லாட்டி பித்தளைப் பின்ல பச்சைக் களிம்பு. கடலோர வீட்டுல இதை மழைக்கு முன்னாடி ஒரு தடவை கட்டாயம் பார்க்கணும். வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல ஓவனைக் கொடுத்திராதீங்க.

வியாசை_அடுப்பு_சர்வீஸ்:

கரண்ட் பக்கம் மேல சொன்னதே போதும். கேஸுக்கு வர்றேன்.

நாபை விட்டதும் அணையறதுன்னா அது தீ அணைஞ்சா கேஸை நிறுத்தற பாதுகாப்பு அமைப்போட வேலை. பர்னர் பக்கத்துல ரெண்டு குச்சி நிக்கும். வெள்ளைப் பீங்கான் போட்டது ஸ்பார்க் குச்சி, வெறும் உலோகமா இருக்கிறது தெர்மோகப்பிள். அதோட நுனி தீயில சுட்டா சில மில்லிவோல்ட் உண்டாகி, டேப்புக்குள்ள (நாபுக்குக் கீழ இருக்கிற கேஸ் வால்வு) இருக்கிற காந்தத்தைப் பிடிச்சு வெச்சு கேஸை விடும். நுனி சூடாகலைன்னா காந்தம் விட்டுடும், கேஸ் நிக்கும்.

முதல்ல, பத்த வெச்ச பிறகு நாபை அமுக்கியே பத்து விநாடி பிடிங்க. விட்ட பிறகும் தீ எரிஞ்சா பிரச்சினையே இல்லை. அணைஞ்சுட்டா, அடுப்பு ஆறின பிறகு தெர்மோகப்பிள் நுனியைப் பாருங்க. சோறு பொங்கின கஞ்சி காய்ஞ்சு ஓடு மாதிரி படிஞ்சிருக்கும். ரொம்ப மெல்லிய எமரி தாளால லேசாத் தேய்ச்சு, துணியால துடைங்க. நுனி தீக்குள்ள நிக்குதான்னு பாருங்க, பாத்திரம் இடிச்சு வளைஞ்சிருந்தா தீ அதைத் தொடாது. பர்னர் மூடி கோணலா உட்கார்ந்தாலும் அந்தப் பக்கத் துளையில தீ வராது. இதெல்லாம் சரியா இருந்தும் அணைஞ்சா, ஹாப் தட்டை (பர்னர் இருக்கிற மேல் தட்டு) தூக்கி டேப் பக்கத்து நட்டை இறுக்கணும், கையால இறுக்கி மேல கால் சுத்து போதும். அதுக்கும் மசியலைன்னா தெர்மோகப்பிளை மாத்தணும். நீளமும் மரையும் மாடலுக்கு மாடல் மாறும், பழசைக் கையோட கொண்டு போய் வாங்குங்க.

இந்த அமைப்பையே எடுத்துட்டு "நேரா எரியற மாதிரி" பண்ணித் தர்ற ஆளுங்க உண்டு. மழைக்காத்து ஜன்னல் வழியா தீயை அணைச்சா கேஸ் அப்படியே ஓடிக்கிட்டிருக்கும், அதுக்குக் கீழ தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தற ஸ்விட்ச்) காண்டாக்ட் பொறி தட்டுற ஓவன். ஒத்துக்காதீங்க. சரி பண்ணின பிறகு சோதனை: அஞ்சு நிமிஷம் எரிய விட்டு தீயை ஊதி அணைச்சுட்டு, நாபைத் தொடாம கவனிங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள உள்ள "டக்"னு சத்தம் வரணும். வரலைன்னா நாபை மூடிட்டு டேப்பை மாத்துங்க.

மஞ்சள் தீ ஒரு பர்னர்ல மட்டும்னா அடைப்புதான். நாலுலயும்னா சிலிண்டர் தீரப் போகுது, இல்ல ரெகுலேட்டர். உங்களுக்கு ஒண்ணுலதான், அதனால மூடி, தலை ரெண்டையும் சோப்புத் தண்ணியில ஊற வெச்சுத் துளைகளைக் குச்சியால எடுங்க. நல்லாக் காய வெச்சுத்தான் மாட்டணும், ஈரம் இருந்தாலும் தீ மஞ்சளாகும். பித்தளைத் தலைக்குப் புளி நல்லது. அலுமினியத் தலைக்குப் புளியும் வேண்டாம், காஸ்டிக் சோடா கலந்த பவுடரும் வேண்டாம், அரிச்சுடும். கடல் காத்துல அலுமினியத் தலைமேல வெள்ளைப் பொடி பூக்கும், அதுதான் துளையை அடைக்கும். ஜெட்டுக்குள்ள (பர்னருக்குக் கேஸ் விடற சின்னப் பித்தளைத் துளை) மட்டும் ஊசி விடாதீங்க. சின்ன பர்னர் எல்பிஜி ஜெட்டோட துளை அரை மில்லிமீட்டர்தான். பித்தளை மிருதுவானது, ஊசி துளையைப் பெருசாக்கிட்டா அப்புறம் எப்பவும் மஞ்சள் தீதான். 7 எம்எம் ஸ்பானரால கழட்டி, பின்பக்கத்துல இருந்து ஊதினாலே போதும்.

ஹோஸ் எங்க வழியாப் போகுதுன்னு நீங்க சொல்லலை. பல வீட்டுல ஓவன் முதுகுத் தகட்டை உரசிக்கிட்டுதான் போகுது, அது ரேஞ்சிலேயே அதிகம் சூடாகிற இடம். ஐஎஸ் 9573 முத்திரை போட்ட சுரக்ஷா ஹோஸ், ஒன்றரை மீட்டருக்கு மேல வேண்டாம், அஞ்சு வருஷத்துல மாத்தணும், தேதி ஹோஸ்லயே அச்சிட்டிருக்கும். ஓவனோட கரண்ட் வயரும் ஹோஸும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது.

பெரம்பூர்_பேக்கிங்:

அக்கா, கேக்குக்கு முன்னாடி ரெண்டு விஷயம்.

ரிப்பேர் முடிஞ்சதும் நேரா மாவை ஊத்தி வைக்காதீங்க. தட்டு, கம்பி எல்லாம் வெளிய எடுத்துட்டு, ஜன்னலைத் திறந்து, காலி ஓவனை 100 டிகிரியில அரை மணி, அப்புறம் 200-ல அரை மணி ஓட்டுங்க. புது எலிமென்ட்னா எண்ணெய்ப் புகை வரும், அது போனாத்தான் கேக்குல வாடை ஏறாது. கேக் இல்லாத நாள்லயும் வாரம் ஒரு தடவை 100 டிகிரியில அரை மணி ஓட்டுங்க, ஈரம் தங்காது.

ஒரு கிலோ பழக் கேக் 150 டிகிரியில ரெண்டரை மூணு மணி நேரம் கேட்கும். அந்த நேரம் முழுக்க ஓவன் சூட்டுக் காத்து ஹாப்போட பின் ஓரத்துத் திறப்பு வழியா மேல வரும். அங்க லைட்டர், எண்ணெய்ப் பாட்டில், பிளாஸ்டிக் கைப்பிடி கரண்டி எதுவும் இருக்கக் கூடாது. கண்ணாடி மூடி திறந்தேதான் இருக்கணும். சூடான பர்னர்மேல மூடினா கண்ணாடி தூள்தூளா உடையும். பிரியாணி டேக்சாவை ரெண்டு பர்னர்மேல பரப்பி வைக்கிறதும் தப்பு, சூடு கீழ திரும்பி நாபை உருக்கும்.

ஓவன் அடித்தட்டுல அலுமினிய ஃபாயில் விரிக்காதீங்க. கீழ எலிமென்ட் சூடு மேல வராம அடைபட்டு எனாமல் வெடிக்கும், கேக்கும் அடி வேகாது. கதவுக் கண்ணாடியைக் கம்பி நாரால தேய்க்கவே கூடாது. சமையல் சோடாவைத் தண்ணியில குழைச்சுக் கறை மேல தடவி ராத்திரி விட்டுக் காலையில ஈரத்துணியால துடைங்க, எலிமென்ட் மேல மட்டும் படாம.

ராயபுரம்_சமையல்:

ரொம்ப நன்றி. வேற ஆளை வெச்சு மெகர்ல அளந்தாச்சு. கிரில் 50 மெகாஓமுக்கு மேல, கீழ எலிமென்ட் 0.3. இதைக் காய வெச்சா போதுமா, மாத்தணுமா? கஞ்சியைச் சுரண்டினதும் பெரிய பர்னர் அணையாம எரியுது. தெருவுல குழாய் கேஸ் வரப்போகுதுன்னு சொல்றாங்க, இதே ரேஞ்சுக்கு அதைக் கொடுக்கலாமா?

வண்ணாரப்பேட்டை_வயர்மேன்:

0.3-ன்னா எலிமென்ட்டைக் கழட்டி வேற ஒரு ஓவன்ல 150 டிகிரியில ரெண்டு மூணு மணி நேரம் காய வெச்சு, ஆறின பிறகு திரும்ப அளக்கச் சொல்லுங்க. பல மெகாஓமுக்கு ஏறினா மாட்டலாம். ஏறலைன்னா, இல்ல ஏறிட்டு ஒரு வாரத்துல மறுபடி இறங்கினா, சீல் போச்சு, மாத்துங்க. குழாய்ல விரிசலோ புடைப்போ இருந்தா காய வெச்சுப் பார்க்கவே வேண்டாம். ஆர்சிசிபியைப் பைபாஸ் பண்ணிட்டு "ஓட ஓடக் காஞ்சுடும்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழை மாதிரி தண்ணி வீட்டுக்குள்ள வந்து ஓவன் நனைஞ்சா கதை வேற. சுத்தி இருக்கிற கண்ணாடிப் பஞ்சு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், வெளிய காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள ஈரம் நிக்கும். எல்லாத் தகட்டையும் பிரிச்சுக் காய வெச்சு மெகர் போடாம பிளக்கை சொருகக் கூடாது.

வியாசை_அடுப்பு_சர்வீஸ்:

குழாய் கேஸுக்கு அப்படியே கொடுக்க முடியாது. எல்பிஜிக்கு அதே அளவு குழாய் கேஸை விட ரெண்டரை மடங்கு சூடு, அதனால எல்பிஜி ஜெட் துளை சின்னது. ஜெட் மேலேயே நம்பர் இருக்கும். பெரும்பாலான ரேஞ்சுகள்ல எல்பிஜிக்கு 50, 65, 85, குழாய் கேஸுக்கு 72, 97, 115 வரிசை. மாத்தாம கொடுத்தா தீ நோஞ்சானா எரியும். நாலு ஜெட்டோட, டேப்புக்குள்ள இருக்கிற சிம் ஸ்க்ரூவையும் திருத்தணும், இல்லாட்டி சிம்ல வெச்சா அணையும். இணைப்பு கொடுக்க வர்ற கம்பெனி ஆட்களே செய்யட்டும். கழட்டின எல்பிஜி ஜெட்டைப் பத்திரமா எடுத்து வைங்க. வளைகுடாவுல இருந்து ரேஞ்ச் கொண்டு வர்றவங்களும் முதல்ல இந்த நம்பரைப் பாருங்க. குழாய் கேஸ் ஜெட்ல எல்பிஜி விட்டா தீ ஒரு அடி எழும்பும்.

சிலிண்டர் கேபினட்டுக்கும் ஓவன் பக்கச் சுவருக்கும் நடுவுல காத்துப் போற இடைவெளி வேணும். கேபினட் கதவுல தரையை ஒட்டி ஜன்னல் மாதிரி துளை வேணும், எல்பிஜி காத்தைவிடக் கனம், கீழதான் தேங்கும். மாசம் ஒரு தடவை ரெகுலேட்டர், ஹோஸ் ரெண்டு முனை, மூணு இடத்துலயும் சோப்புத் தண்ணி தடவுங்க, குமிழ் வந்தா அங்க கசிவு.

கேஸ் வாடை அடிச்சா வரிசை இதுதான்: தீ எரிஞ்சா நாபை மூடி அணைங்க, ரெகுலேட்டரை ஆஃப் பண்ணுங்க, கதவு ஜன்னலைத் திறங்க, எல்லாரும் வெளிய வாங்க. ஓவன் ஓடிக்கிட்டிருந்தாலும் கிச்சன் ஸ்விட்சைத் தொடாதீங்க. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ரெண்டுலயும் பொறி வரும். மெயின் ஸ்விட்ச் மாடிப்படிக்குக் கீழ, வாடை இல்லாத இடத்துல இருந்தா அங்க அணைக்கலாம். வெளிய வந்த பிறகு போன்ல 1906, அது கேஸ் கசிவுக்கான எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க.